மின்சாரம் யாருக்கு? அச்சம் யாருக்கு?



டிக்கோயாவில் எங்கள் மாதர் குழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். சீட்டுக்காசு, பிள்ளைகளின் படிப்பு, குடித்துவிட்டு வரும் கணவன்மார் என்றே பேச்சுப் போகும். சென்ற கூட்டத்தில் ஓர் அக்கா வேறொன்றைக் கேட்டார்.

"மிஸ், நம்ம நாட்டுலயும் அணு கரண்ட் கொண்டுவரப் போறாங்களாமே. அது கூடங்குளம் மாதிரியா?"

1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. யுத்தத்தில் பல தடவை இடம்பெயர்ந்து, கணவரையும் இழந்து, இங்கே தம்பியின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். கூடப்பிறந்த அக்கா ஒருவர் படகேறி இந்தியா போய், திருநெல்வேலி மாவட்டத்து முகாமொன்றில் இருக்கிறார். கூடங்குளம் இருப்பதும் அதே மாவட்டத்தில்தான். அக்காவுக்கு அது பத்திரிகைச் செய்தியல்ல, தொலைபேசியில் கேட்கும் குடும்பக் கதை.

மின்சாரம் எப்படி வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். காசல்ரீ நீர்த்தேக்கம் கண்முன்னே கிடக்கிறது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தால் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் இறங்கி, விமலசுரேந்திர மின்நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றுகிறது. 1965 முதல் இது நடக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நான் ஆறாம் வகுப்பு வரை குப்பி லாம்பில் படித்தேன். வெளிச்சம் மலையிறங்கிக் கொழும்புக்குப் போய், வெகு காலம் கழித்தே லயத்துக்குத் திரும்பி வந்தது.

அணுமின் நிலையத்திலும் சுழல்வது சக்கரம்தான். அங்கே அதைச் சுழற்றுவது நீராவி. யுரேனியம் என்ற உலோகத்தின் அணுக்களைப் பிளக்கும்போது கிளம்பும் வெப்பம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. மழை பொய்த்தாலும் அது ஓடும், நிலக்கரிப் புகையும் இல்லை. நுரைச்சோலையில் நிலக்கரிச் சாம்பலோடு வாழும் பெண்களைக் கேட்டால், புகையில்லை என்பது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்வார்கள். ஆகவே இதை விரும்புகிறவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டால் நெருப்பு தணியும். அணு உலையை நிறுத்திய பிறகும் உள்ளே வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். அதனால் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் புக்குஷிமாவில் சுனாமி புகுந்தபோது மின்சாரம் அறுந்தது, பம்பிகள் நின்றன, மூன்று உலைகளின் உட்பகுதி உருகியது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள்.

அந்த ஆண்டு ஓகஸ்டில்தான் கூடங்குளத்துக்குப் பக்கத்து மீனவக் கிராமமான இடிந்தகரை எழுந்தது. ரஷ்யாவின் உதவியோடு இந்திய அரசு அங்கே தலா 1000 மெகாவாட் உலைகள் இரண்டைக் கட்டி முடித்துக்கொண்டிருந்தது. அதற்கான ஒப்பந்தம் 1988லேயே கைச்சாத்தாகிவிட்டது. அதில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும். கரையில் வலை காய வைக்கும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. சுனாமியை 2004இல் கண்ணால் கண்ட பெண்கள் இவர்கள். புக்குஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தங்கள் கடலைத்தான் பார்த்தார்கள்.

லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு நாட்கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உட்கார்ந்தார்கள். வயிற்றுப்பாட்டை விட முடியாதே, பந்தலிலேயே பீடி சுற்றினார்கள். 2012 செப்டெம்பர் 10இல் கடற்கரையில் கூடியவர்கள் மீது பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். சனங்கள் கடலுக்குள் இறங்கி ஓடினார்கள். அன்றே மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் போடப்பட்டன. தன் வீட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் தேசத்துரோகி! இந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுக்கும் உண்டு. 2013 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்தது, ஒக்டோபரில் மின்சாரம் வந்தது. இப்போது அங்கே மேலும் உலைகள் கட்டப்படுகின்றன.

பெண்கள் உட்கார்ந்தால் எப்போதும் தோல்விதான் என்று நினைக்க வேண்டாம். ஜேர்மனியில் வீல் என்றொரு கிராமம். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அணுமின் நிலையத்தின் நீராவி மூட்டம் போட்டுக் கொடியைக் கெடுத்துவிடும் என்று பயந்த விவசாயக் குடும்பங்கள் 1975 பெப்ரவரியில் கட்டுமான இடத்துக்குள் புகுந்து உட்கார்ந்தன. இயந்திரங்களின் முன்னால் போய் நின்றவர்களில் பெண்கள் ஏராளம். (மூட்டத்துக்கும் கொழுந்துக்கும் உள்ள உறவை அறிந்த நமக்கு அந்தப் பயம் புரியும்.) அந்த நிலையம் கட்டப்படவேயில்லை. 2002இல் அணுமின்சாரத்தைக் கைவிடச் சட்டம் வந்தது. 2010இல் அரசு அதைத் தளர்த்தியது, புக்குஷிமா நடந்த பிறகு மீண்டும் இறுக்கியது. 2023 ஏப்ரல் 15இல் கடைசி மூன்று உலைகளும் மூடப்பட்டன. அவசரப்பட்டோம், அந்த இடத்தில் நிலக்கரியைத்தான் எரித்தோம் என்று குறை சொல்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். பக்கத்து நாடான பிரான்ஸோ பெரும்பகுதி மின்சாரத்தை அணுவிலிருந்தே எடுக்கிறது.

நம் நாட்டில் அணுமின் நிலையம் இல்லை. பேச்சு மட்டும் பல வருடமாக இருக்கிறது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டில் கிடந்தோமே, அந்த ஆண்டிலேயே சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு, நாடு இதற்கு ஆயத்தமா என்று பார்க்க வந்தது. கடன் கட்ட முடியாமல் நாடு கைவிரித்ததும் அதே ஆண்டுதான். பிலிப்பைன்ஸின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. கடன் வாங்கி பத்தான் என்ற இடத்தில் ஒரு நிலையம் கட்டினார்கள். 1986க்குப் பின் அதைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். ஒரு விளக்குக்கூட எரியாத அந்த நிலையத்துக்காக 2007 வரை கடன் கட்டினார்கள்.

அக்காவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டிக் கரை நேர்கோட்டில் சுமார் 225 கிலோமீற்றர் என்றும், நல்லபடி ஓடும் வரை இங்கே பயமில்லை என்றும், விபத்து என்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்தது என்றும் சொன்னேன்.

அவர் அதை விட்டுவிட்டு, "ஓடச் சொன்னா ஓடிருவோம் மிஸ். எங்களுக்கு அது பழக்கம். மறுபடி வீட்டுக்கு எப்ப வரலாம்?" என்று கேட்டார்.

வன்னியில் அவருடைய காணியில் மிதிவெடி இருந்தது. வெடியகற்றுபவர்கள் வந்து, கயிறு கட்டி, ஒவ்வொரு அடியாகத் தோண்டி, ஒரு நாள் "முடிந்தது" என்று பலகையைக் கழற்றினார்கள். புக்குஷிமாவில் மண்ணில் விழுந்தது சீசியம். அது பாதியாகக் குறையவே 30 வருடம். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்தார்கள். சில ஊர்களுக்கு மக்கள் திரும்பிவிட்டார்கள், சில இடங்கள் இன்னும் மூடித்தான் கிடக்கின்றன.

இதைச் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அக்கா, அடுத்த மாதம் திருநெல்வேலியிலிருக்கும் தன் அக்காவைத் தொலைபேசியில் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கலாமா என்றார். இடிந்தகரைக்குப் போய்வந்த ஒருத்தி அந்த முகாமில் இருக்கிறாளாம். கேட்க வேண்டிய கேள்விகளைச் சீட்டுக்கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதலாவதை அக்காதான் சொன்னார்: "இடம் பார்க்க வந்தப்ப உங்கள்ல யாரையாவது கேட்டாங்களா?"