புல்லட் வண்டியைத் திருத்துவோர்

காலடிப்பேட்டையை அடுத்த திருவொற்றியூரில், 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியார் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளை எவ்வாறு திருத்தலாமென அதன் அபிமானிகள் ஓயாது வாதிப்பர். பழைய வண்டியில் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் வெவ்வேறு கூடுகள். 2009-இல் வந்த கிளாஸிக்கில் அவை ஒரே கூட்டில் அடங்கின. எண்ணெய்க் கசிவு குறைந்தது. பழைய ஓசையும் போயிற்றென்பது அவர்தம் குறை.

ஓசையினும் மிதியே பெரிதென்பது என் கருத்து. முன்னர்க் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. பின்னர் இவை இடம்மாறின. பழகிய கால் எளிதில் மறவாது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருங்கால், பழைய ஓட்டுநர் தம்மையறியாமல் இடக்காலை அழுத்துவாராயின், வண்டி நில்லாது, கியரே மாறும். ஆதலின் மிதிகளை மாற்றியமைப்போர், இனி அதனை ஓட்டுபவர் யாரென முதலிற் கேட்டறிதல் வேண்டும். அம்மீட்டர் முள்ளை நடுவே கொணர்ந்து உதைத்தெழுப்பும் வித்தையைக் கைவிட மட்டும் எனக்கு மனமில்லை.