மலிவு விலை பாலிமர் பிஸ்டல்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனத்தின் ஜி2சி பிஸ்டல் அமெரிக்கக் கடைகளில் 200 முதல் 300 டாலருக்குக் கிடைக்கிறது. நம் பணத்தில் இருபதாயிரத்தை ஒட்டிய விலை. மேகசினில் 12 தோட்டா நிற்கும், எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. இணையக் காணொளிகளில் இதைப் பார்த்துவிட்டு, நமக்கும் இந்த விலையில் கிடைக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். திருக்கோவிலூரில் அடகுக் கடையோ அரிசி ஆலையோ நடத்தி, இரவில் பணத்தோடு வீடு திரும்புகிறவருக்கு அந்தக் கேள்வி எழுவதில் வியப்பில்லை.

கிடைக்காது. அது சுடும் 9 மி.மீ. தோட்டா இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம். காவல்துறையும் ராணுவமும் வைத்துக்கொள்ளலாம், பொதுமக்கள் கூடாது. வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமகன் இறக்குமதி செய்வதும் 1980களின் நடுப்பகுதியிலேயே நின்றுவிட்டது. பிஸ்டல், ரிவால்வர் என்று வந்தால் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் .32 ரகம்தான். .32 பிஸ்டல் தோட்டாவின் வேகமும் எடையும் சேர்ந்த ஆற்றல், 9 மி.மீ. தோட்டாவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

ஜி2சி போன்ற பாலிமர் பிஸ்டல் என்றதும் பொம்மைத் துப்பாக்கி என்று நினைத்துவிடக் கூடாது. குழலும் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் எஃகுதான். கைப்பிடியும் விசையைத் தாங்கும் உடலும் மட்டுமே பாலிமர். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிறுவனம் 1970இல் விபி70 பிஸ்டலில் இதைச் செய்து காட்டியது. ஆனால் உலகத்தை மாற்றியது ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக். அவருடைய கிளாக் 17 பிஸ்டலை அந்நாட்டு ராணுவம் 1980களின் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு, மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. எஃகுக் கட்டியை மணிக்கணக்கில் கடைந்து எடுக்கும் வேலை போய், அச்சில் வார்த்து எடுக்கும் வேலை வந்தது. விலை இறங்கியதற்கு முக்கியக் காரணம் அதுதான். பாலிமர் பகுதி வியர்வையில் துருப்பிடிக்காது என்பது நம் ஊர் வெயிலுக்குப் பெரிய வசதி. எடை குறைந்ததால் சுடும்போது கையில் உதைப்பு கூடும்; அது இதன் குறை.

விலை குறைந்த துப்பாக்கியை எடைபோடும்போது பலரும் குறி தப்பாமல் சுடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஏழெட்டு அடி தூரத்துத் தற்காப்புக்கு அது இரண்டாம் பட்சம். முதல் கேள்வி, கை தவறிக் கீழே விழுந்தால் வெடிக்குமா என்பது. இதற்கு டாரஸ் நிறுவனத்தின் கதையே பாடம். அதன் பிடி 111 மில்லேனியம், பிடி 24/7 உள்ளிட்ட ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தால் விசையைத் தொடாமலேயே வெடிக்கக்கூடும் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2015இல் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசத்துக்கு வந்தது. அமெரிக்காவில் விற்பனையான சுமார் பத்து லட்சம் துப்பாக்கிகள் அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்கின. அந்த ஒன்பதில் பிடி 132 என்ற .32 மாடலும் ஒன்று. ஜி2சி அந்த மில்லேனியம் வரிசையின் வாரிசாக வந்தது. இன்று அதே டாரஸ், ஜிண்டால் குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து ஹரியானாவின் ஹிசாரில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. எனவே இந்த வரலாறு நமக்கும் வேண்டியதே. கீழே விழும் சோதனையில் தேறியதா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தராத விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது.

அடுத்தது, ஒவ்வொரு தோட்டாவும் தவறாமல் வெடித்து, வெற்று உறை சிக்காமல் வெளியே வருகிறதா என்பது. அமெரிக்கர்கள் இருநூறு, முந்நூறு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டே புதுத் துப்பாக்கியை நம்புவார்கள். இங்கே உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க முடியாது, அதன் விலையும் கூடுதல். ஆகவே வருஷக்கணக்கில் ஓடித் தேறிய எளிய பொறியமைப்பே நமக்கு லாபம். கான்பூரில் தயாராகும் ஆறு குண்டு .32 ரிவால்வரை நான் மேலாகச் சொல்வது இதனால்தான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும்.

விலைதான் கசக்கிறது. டைட்டானியம் கலவையில் செய்த நிர்பீக் ரிவால்வர் 2014இல் வந்தபோதே 1,22,360 ரூபாய். 2023இல் வந்த பிரபல் ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம், 50 மீட்டர் வரை சுடும் என்கிறார்கள். இவற்றின் மேல் 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. உரிமத்துக்குக் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகம், காவல்துறை விசாரணை, 2016 ஆயுத விதிகள் கேட்கும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் அலைச்சல் என எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான விலை. அந்தப் பணத்தில் கண்காணிப்புக் கேமரா, நல்ல பூட்டு, வசூல் பணத்தை அன்றன்றே வங்கியில் கட்டும் பழக்கம் ஆகியவை பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அதிகப் பாதுகாப்பு தரும் என்பது என் உறுதியான கருத்து.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் கேள்வியே வேறு. அங்கே துப்பாக்கி என்றால் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் கிளறிப்போடும் காட்டுப்பன்றியை விரட்டத்தான். அதற்குக் கைத்துப்பாக்கி எந்த ரகமானாலும் உதவாது. குழல் குட்டை, இருட்டில் ஓடும் பன்றி மேல் படாது, பட்டால் காயத்தோடு திரும்பிப் பாயும். மலையில் கைமாறும் நாட்டுத் துப்பாக்கியோ இதைவிட மோசமான பேரம். அளவில்லாமல் கருமருந்து கெட்டித்து, பால்ரஸ் குண்டு போட்டுச் சுடும்போது குழல் பிளந்தால் போவது சுட்டவரின் கையும் கண்ணும். எந்தச் சோதனை முத்திரையும் அதில் கிடையாது.

பன்றிக்கு அரசு சொன்ன வழி 2025 ஜனவரியில் வந்தது. அப்போது வனத்துறை அமைச்சராகவும் திருக்கோவிலூர் தொகுதியின் உறுப்பினராகவும் இருந்த பொன்முடிதான் சட்டமன்றத்தில் அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் அவர்களே சுடுவார்கள். விவசாயி சுட இதில் இடமில்லை. காட்டை ஒட்டியே கிடக்கும் மலைக் கிராமங்களுக்கு இதனால் பெரிய ஆறுதல் இல்லை என்பதை அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். பயிர் இழப்பீட்டை அலைக்கழிக்காமல் தருவதே அங்கே துப்பாக்கியைக் குறைக்கும் வழி.

உரிமம் இல்லாத துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தாலே, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்து விற்பவருக்கு 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை. பாட்டன் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது என்றால், ஊர்ப் பெரியவர்களையும் வழக்கறிஞர் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு கரியாலூர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.