கதவைக் காக்கும் காந்தம்

பள்ளிக்கூடத்தில் நான் காட்டிவந்த காந்தம் ஓர் எஃகுச் சட்டம். பிள்ளைகள் கைதவறிக் கீழே போட்டால் அதன் வலிமை குன்றும். ஆகவே முனைகளில் தேனிரும்புத் துண்டுகளை வைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துவோம். குளிர்பதனப் பெட்டியின் கதவு விளிம்பில், ரப்பர் நாடாவுக்குள் மறைந்திருக்கும் காந்தத்துக்கு இந்த உபசாரம் எதுவும் தேவையில்லை. அது பெர்ரைட். அதன் பெரும்பகுதி, துருவுக்கு உறவான இரும்பு ஆக்ஸைடுதான்!

1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆராய்ச்சிச் சாலையினர் இதற்கு வழிகண்டனர். இரும்பு ஆக்ஸைடையும் பேரியம் கார்பனேட்டையும் கலந்து, ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தில் சுட்டு, அரைத்து, அச்சில் அழுத்தி, மீண்டும் சுடுவார்கள். ஏறக்குறைய குயவர் தொழிலே இது. பிற்காலத்தில் பேரியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரான்ஷியம் பெரிதும் வழக்கத்துக்கு வந்தது.

காந்தத்தின் குணத்தை முதலில் நிர்ணயிப்பது அரைவை. துகள் பெரிதாயின், அதனுள் வெவ்வேறு திசை நோக்கிய காந்தப் பகுதிகள் பல அமையும். எதிர்ப்புலம் பட்டதும் அவற்றின் எல்லைகள் எளிதில் நகர்ந்து காந்தம் சோர்ந்துவிடும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அரைத்தாலோ, ஒரு துகளுக்கு ஒரே பகுதி என்ற நிலை நெருங்குகிறது. நகர எல்லையில்லை, துகளின் காந்தம் முழுவதும் ஒருசேரத் திரும்பவேண்டும். அதற்கு வலிய எதிர்ப்புலம் வேண்டும். அளவுமீறி அரைத்தால் படிகங்கள் சிதைந்து கெடும்.

அடுத்தது அணிவகுப்பு. அழுத்தும்போதே வலிய காந்தப்புலத்தைச் செலுத்தினால் துகள்கள் ஒரே திசையில் திரும்பி நிற்கும். 0.2 டெஸ்லா அளவில் நிற்கும் காந்தச்செறிவு, இதனால் 0.4 வரை உயரும்.

இரண்டாம் முறை சுடாமல், பொடியை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ பிசைந்தால், கத்தரியால் வெட்டத்தக்க நாடா கிடைக்கிறது. ரப்பருக்குக் காந்தமில்லை, எனவே பாலில் நீர் சேர்ந்தாற்போல வலிமை குறையும். பொடியை மிகுத்தால் வலிமை கூடும். நாடாவோ வளையாமல் முறியும்.

வலிமை குறைவது நஷ்டந்தானே என்று கேட்கலாம். கதவின் செய்தி வேறு. பழைய பெட்டிகளை வெளித் தாழ்ப்பாள் பூட்டியது. விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள் வெளிவர இயலாமல் மூச்சடைத்து மாண்டனர். அமெரிக்காவில் 1956-இல் இதற்கெனவே சட்டம் பிறந்தது. 1958 அக்டோபர் இறுதிமுதல் அதன்படி செய்யப்படும் பெட்டிகளின் கதவு உள்ளிருந்தும் திறக்கவேண்டுமென்றாயிற்று. குளிர் கசியாமல் பிடிக்கவேண்டும். சிறு கை தள்ளினால் விடவும் வேண்டும். அந்த இடைநிலைக்கு ரப்பர்க் காந்தம் பொருந்தியது.

நாடாவில் வடக்கும் தெற்குமாக முனைகள் மாறிமாறிப் பட்டைகளாக இடப்படும். அதனால் இழுப்பு அருகில் மிகுந்து, சற்று விலகியதும் மறைந்துவிடும். கதவில் ஒட்டும் படக்காந்தங்களிலும் இம்முறை உண்டு. அவற்றில் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து, பட்டைகளுக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையைத் தாண்டும்போதும் அவை துள்ளுவதை விரல் உணரும்.