உயர்தரப் பரீட்சை: செக்கன்ட் ஷை எழுதுவதா, விடுவதா?

உயர்தரப் பெறுபேறு வெளியான மறுநாளே நுரைச்சோலையில் பெற்றோர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "சேர், பிள்ளையை செக்கன்ட் ஷை எழுத வைப்பதா, வேறு வழியில் விடுவதா?" ஆயத்தம் போதாது, முதல் தடவையையே ஒரு வருடம் தள்ளிப்போடுவோமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

தள்ளிப்போட வேண்டாம் என்பதே எனது கருத்து. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் இருந்து எழுதிய அனுபவத்தை எந்த டியூட்டரியும் தராது. எந்தப் பாடம் காலை வாருகிறது என்பதும் பெறுபேறு வந்தால்தான் உறுதியாகத் தெரியும்.

இரண்டாம் தடவைக்கு முன் இஸட் புள்ளியை விளங்கிக்கொள்ள வேண்டும். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இது வெறும் மதிப்பெண் அல்ல; அந்தப் பாடத்தை அந்த வருடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறார் என்ற கணக்கு. சராசரி 50, நியம விலகல் 10 என்றால் 70 புள்ளிக்கு இஸட் 2. சராசரி 60 ஆகிவிட்டால் அதே 70க்கு இஸட் 1 மட்டுமே. "பத்துப் புள்ளி கூட எடுத்தால் போதும்" என்ற நம்பிக்கை பிழைப்பது இங்கேதான்.

மூன்று பாடங்களின் சராசரியே இறுதி இஸட் புள்ளி. 1.5, 1.4, 0.4 எடுத்த பிள்ளைக்கு 1.1 வரும். பலவீனமான பாடத்தை 1.3 ஆக்கினால் 1.4 ஆகிவிடும், மற்ற இரண்டும் இறங்காவிட்டால்! மூன்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டுமே. ஒரு பாடம் மட்டும் கைவிட்ட பிள்ளைக்கு இரண்டாம் தடவை பெறுமதியானது. மூன்றிலும் சராசரிக்குக் கீழே நிற்பவர் அதே பாடங்களோடு மீண்டும் மோதுவதற்கு முன், பிரிவு பொருந்துகிறதா என்று யோசிக்கட்டும்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் புத்தளமும் ஒன்று. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்; நமது மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிடுங்கள். சிறிய இடைவெளி என்றால் எழுதலாம்.

காலமும் குறைவு. 2024 பரீட்சை நவம்பரில் தொடங்கி, வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு, டிசம்பரில் முடிந்தது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை அதே நவம்பரில். பெறுபேறு வரும்வரை புத்தகத்தை மூடி வைத்தவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆறரை மாதம்தான்.

மூன்றாம் தடவைக்கு நான் இலகுவில் சம்மதிப்பதில்லை. ஆண் பிள்ளை என்றால் வெளிநாடு, பெண் பிள்ளை என்றால் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு எழும் வயது அது. என்றாலும், வெட்டுப்புள்ளிக்கு அருகே வந்து நிற்கும் மகளை "போதும்" என்று நிறுத்துவது அநியாயம். வாப்பாவும் உம்மாவும் முதலில் அவளிடம் கேட்கட்டும்.

பாடசாலையை விட்டவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தானே விண்ணப்பிக்க வேண்டும். அதிபர் அனுப்புவார் என்று இருந்துவிட முடியாது. தேசிய அடையாள அட்டையை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.