தேவாலயத்துள் ஒரு நூலகம்: மியூன்செபெர்க் உணர்த்தும் பாதுகாப்பு நெறி

முன்னுரை

ஜெர்மனியில் வழிபடுவோர் தொகை குறைந்து வருவதால் தேவாலயங்கள் பல வேறு பயன்பாட்டிற்கு வந்துள்ளன. யான் வாழும் வுப்பர்டால் நகரில், 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இம்மானுவேல் தேவாலயம் இன்று இசையரங்காகத் திகழ்கிறது. ஆளரவமற்ற கட்டடத்தில் கூரைக்கசிவைக் கவனிப்பார் இரார். ஆதலின் தக்க புதுப்பயன் காண்பதும் பாதுகாப்பின் ஒரு கூறாகும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதனை ஏற்கிறது. ஆயின் கட்டடத்தின் அமைப்பும் அணிநலனும் மாறலாகாது என வரையறுக்கிறது. அவ்வரையறைக்குள் தேவாலயம் நூலகமாவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மியூன்செபெர்க் சான்று

பெர்லினுக்குக் கிழக்கே அமைந்த மியூன்செபெர்க் நகரின் புனித மரியாள் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டினது. 1945ஆம் ஆண்டுப் போரில் சிதைந்த இது, பல பத்தாண்டுகள் இடிபாடாகவே நின்றது. ஜெர்மனி மீண்டும் இணைந்தபின், 1990களில் இதற்குக் கூரை வேயப்பெற்றது. கட்டடக்கலைஞர் கிளவுஸ் பிளாக், எஃகுச் சட்டமும் மரப்பட்டிகளும் கொண்டு, கப்பலை ஒத்த பல தள அமைப்பொன்றை உள்ளே நிறுவினார். அதில் நகர நூலகம் இயங்குகிறது. எஞ்சிய வெளியில் வழிபாடும் தொடர்கிறது.

மூன்று நெறிகள்

முதலாவது, பாரம். நூலடுக்குகள் மிகு எடையுடையன. அவ்வெடையைப் பழஞ்சுவர் தாங்கலாகாது. இங்குப் புதிய அமைப்பு தன் கால்களிலேயே நிற்கிறது.

இரண்டாவது, வெப்பமும் ஈரமும். உயர்ந்த தேவாலயம் முழுவதையும் சூடாக்குவது பெருஞ்செலவு. குளிர்ந்த சுவரில் நீர் படியவும் ஏதுவாகும். அடைப்புடைய உள்ளறைகளாயின், அவற்றை மட்டும் சூடாக்கினால் போதும்.

மூன்றாவது, மீட்கும் வாய்ப்பு. நாளை தேவை மாறின், பழஞ்சுவருக்கு ஊறின்றிப் புதியதை அகற்ற இயலவேண்டும்.

முடிவுரை

இது தமிழர்க்கும் உரிய சிந்தனையே. தஞ்சை அரண்மனையில் சரசுவதி மகால் வளர்ந்ததை நாம் அறிவோம். புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினர் மறையுந்தோறும் அவர்தம் வீட்டு நூல்கள் பழந்தாளாகக் கழிக்கப்படுவதை யான் கண்டுள்ளேன். வெறுமையாகும் கட்டடங்கள் ஒருபுறம். இடமற்ற நூல்கள் மறுபுறம். இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சியில், ஐரோப்பியத் தமிழ் அமைப்புகள் தத்தம் நகராட்சிகளுடன் இன்றே பேசத் தொடங்குதல் வேண்டும். ஒரு தமிழ் அடுக்கேனும் அங்கு இடம்பெறுக.