முதிய விண்மீன்களின் வானொலிக் குரல்

விண்மீன்கள் என்றென்றும் மாறாமல் ஒளிர்பவை என்று நெடுங்காலமாக மக்கள் நம்பி வந்தனர். ஆனால், மனிதரைப் போலவே அவற்றிற்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, முதுமை உண்டு, முடிவும் உண்டு. நாம் நன்கறிந்த திருவாதிரையும் கேட்டையும் செந்நிறமாகத் தோன்றுவது, அவை முதுமையை எட்டிவிட்டதன் அடையாளமாகும்.

முதுமையடைந்த விண்மீன் தன் உடலைச் சிறிது சிறிதாக இழக்கின்றது. அது எவ்வாறு இழக்கின்றது என்பதையும், எட்டாத தொலைவிலிருந்து மனிதன் அதனை எவ்வாறு அளந்தறிகின்றான் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. நமக்கு வாழ்வளிக்கும் சூரியனும் ஒரு விண்மீனே. அது முதுமையடையும்போது நம் பூமிக்கு என்ன நேரும் என்னும் கேள்விக்கான விடையை இவ்விண்மீன்களிடமிருந்தே நாம் பெற வேண்டியுள்ளது.

மறைந்து தோன்றும் விண்மீன்

1596ஆம் ஆண்டில், வட ஜெர்மனியில் வாழ்ந்த டேவிட் ஃபாப்ரீசியஸ் என்னும் பாதிரியார், சீட்டஸ் எனப்படும் திமிங்கில உருவ நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு விண்மீனைக் கண்டார். சில காலத்தில் அது மங்கி மறைந்துவிட்டது. 1609ஆம் ஆண்டில் அதே இடத்தில் அதனை அவர் மீண்டும் கண்டு வியந்தார். பின்னர் வந்தோர் இடைவிடாது கவனித்து, அவ்விண்மீன் ஏறத்தாழ 332 நாள்களுக்கு ஒரு முறை பேரொளி பெறுகின்றது என்பதைக் கண்டறிந்தனர். ஆகவே, அதற்கு 'மீரா' என்று பெயரிட்டனர். லத்தீன் மொழியில் 'வியப்புக்குரியது' என்பது அதன் பொருளாகும்.

மீரா ஏன் மங்கி மங்கி ஒளிர்கின்றது? அதன் உடல் மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்குவதே காரணமாகும். அது மிகப் பெரியது. சூரியன் இருக்கும் இடத்தில் மீராவை வைத்தால், அதன் விளிம்பு பூமி சுற்றும் பாதையையும் கடந்து செல்லும். உருவில் பெரிதாயினும் அதன் மேற்பரப்பில் வெப்பம் சூரியனைவிடக் குறைவு. அதனால்தான் அது செந்நிறமாகத் தோன்றுகின்றது.

உடலை இழக்கும் முதுமை

விண்மீனின் நடுவே ஹைட்ரஜன் வாயு எரிபொருளாக இருந்து, அணுச்சேர்க்கையினால் வெப்பத்தைத் தருகின்றது. நடுப்பகுதியில் அந்த எரிபொருள் தீர்ந்தபின் விண்மீனின் வெளிப்பகுதி ஊதிப் பருக்கின்றது. பருத்த உடலின் வெளியோரத்தை ஈர்ப்புவிசை இறுகப் பற்றி வைத்திருக்க இயலுவதில்லை. ஒவ்வொரு முறை விண்மீன் விரியும்போதும், அதன் மேற்புற வாயு வெளியே தூக்கி எறியப்படுகின்றது. அவ்வாயு குளிர்ந்ததும் அதில் நுண்ணிய தூசுகள் உறைகின்றன. விண்மீனின் ஒளி அத்தூசுகளை வெளியே தள்ள, தூசுகள் தம்மைச் சுற்றியுள்ள வாயுவையும் இழுத்துச் செல்கின்றன. இவ்வாறு ஓயாத காற்று ஒன்று விண்மீனிலிருந்து வீசுகின்றது.

இக்காற்றின் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வரை இருக்கும். இவ்வேகத்தில் சென்றால் கோலாலம்பூரிலிருந்து ஜோகூர் பாருவை அரை நிமிடத்தில் அடைந்துவிடலாம். மிகக் கடுமையாகக் காற்று வீசும் சில விண்மீன்கள், ஓராண்டிலேயே பூமியின் எடையைப் போல் பல மடங்கு பொருளை இழந்துவிடுகின்றன.

அந்தத் தூசு மண்டலம் அடர்ந்துவிட்டால் விண்மீனின் ஒளியே வெளியே வராது. மூடுபனியில் விளக்கொளி மங்குவது போல அது மறைந்துபோகும். ஆயின், மூடுபனி நாளிலும் வானொலிப் பெட்டி தெளிவாகப் பாடுகின்றது அல்லவா? அதுபோலவே வானொலி அலைகள் இத்தூசையும் ஊடுருவி நம்மை வந்தடைகின்றன.

ஆக்சிஜன் மிகுந்த விண்மீன்கள்

முதிய விண்மீன்களின் வாயுவில் கரியும் ஆக்சிஜனும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்துகொள்ளும் இயல்புடையவை. ஒரு கரி அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இணை சேர்ந்துவிட்டால் அவற்றைப் பிரிப்பது கடினம். கரி அணுக்கள் மிகுதியாக இருந்தால், இணையில்லாமல் எஞ்சிய கரி, புகைக்கரி போன்ற தூசாகின்றது. ஆக்சிஜன் அணுக்கள் மிகுதியாக இருந்தால், எஞ்சிய ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகின்றது. சிலிக்கனோடு சேர்ந்து சிலிக்கன் மோனாக்சைடு என்னும் வாயுவாகின்றது. மணலையும் பாறையையும் ஒத்த தூசாகவும் உறைகின்றது. மீரா இவ்வகையைச் சேர்ந்தது. நாம் இங்குப் பேசும் வானொலிக் குரல் இவ்வகை விண்மீன்களுக்கே உரியது.

மேசர் என்றால் என்ன?

கண் மருத்துவத்திலும் கடைகளில் விலைப்பட்டையைப் படிக்கும் கருவியிலும் பயன்படும் லேசர் ஒளியைப் பலர் அறிவர். லேசருக்கு மூத்தது மேசர். லேசர் ஒளியைப் பெருக்குகின்றது. மேசரோ நுண்ணலை எனப்படும் குறுகிய வானொலி அலையைப் பெருக்குகின்றது. அமெரிக்க விஞ்ஞானி சார்ல்ஸ் டவுன்ஸ் 1954ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் முதல் மேசர் கருவியை இயக்கிக் காட்டினார். 1964ஆம் ஆண்டில் அவரும், ரஷ்ய விஞ்ஞானிகளான பாசோவ், புரோகரோவ் ஆகியோரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மேசர் செயல்படும் விதத்தைத் திருவிழா மேளத்தைக் கொண்டு விளக்கலாம். மேளக்காரர்கள் நீண்ட வரிசையில் கோலை ஓங்கியபடி காத்து நிற்கின்றனர் என்று கொள்வோம். முதல்வர் ஓர் அடி அடிக்கின்றார். அவ்வோசை தம்மை எட்டிய அக்கணமே, அடுத்தவர் அதே தாளத்தில் அடிக்கின்றார். அடுத்து நிற்பவரும் அவ்வாறே செய்கின்றார். வரிசையின் கோடியை அடையும்போது ஒருவர் எழுப்பிய ஓசை பேரோசையாகப் பெருகியிருக்கும். வாயுவின் மூலக்கூறுகளே இங்கு மேளக்காரர்கள். விண்மீனின் வெப்பக் கதிர்களாலும் ஒன்றோடொன்று மோதுவதாலும் அவை ஆற்றல் பெற்று, கோல் ஓங்கிய நிலையில் நிற்கின்றன. பொருத்தமான வானொலி அலை ஒன்று அவ்வழியே செல்லும்போது, ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஆற்றலை அதே அலையாக வெளியிட்டு அதனைப் பெருக்குகின்றது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வரிசை நீளமாக இருக்க வேண்டும். வரிசையிலுள்ள வாயு முழுவதும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டும். இவ்வாறு அமைந்த இடங்களில் மட்டுமே மேசர் தோன்றும். ஆகவே, அது விண்மீனைச் சுற்றி எங்கும் பரவிய ஒளியாக இல்லாமல், சிறு சிறு பொட்டுகளாகக் காணப்படுகின்றது. இப்பொட்டுகளே விஞ்ஞானிகளுக்கு அளவுகோலாக உதவுகின்றன.

மனிதன் மேசரைச் செய்யக் கற்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இயற்கை அதனை விண்வெளியில் செய்து வந்திருக்கின்றது. 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரோல்ட் வீவரின் குழுவினர் விண்ணிலிருந்து வந்த விசித்திர வானொலி அலைகளைப் பதிவு செய்தனர். அவை எப்பொருளிலிருந்து வருகின்றன என்று முதலில் விளங்காமையால் 'மர்மப் பொருள்' என்று பொருள்படும்படி 'மிஸ்டீரியம்' என்றே பெயரிட்டனர். அது ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஹைட்ராக்சில் என்பதும், மேசரால் பெருகிய அலை என்பதும் பின்னர்த் தெளிவாயின. 1968ஆம் ஆண்டில் முதிய செவ்விண்மீன்களிலிருந்தும் இத்தகைய அலைகள் வருவது கண்டறியப்பட்டது. நீராவியின் மேசரை டவுன்ஸின் குழுவினரே 1969ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். சிலிக்கன் மோனாக்சைடின் மேசர் 1974ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

மூன்று அடுக்குகள்

வானொலி நிலையம் ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை இருப்பது போல, இம்மூன்று வாயுக்களுக்கும் தனித்தனி அலைவரிசைகள் உண்டு. ஹைட்ராக்சிலின் குரலை 1,612 மெகாஹெர்ட்ஸிலும், நீராவியின் குரலை 22,235 மெகாஹெர்ட்ஸிலும், சிலிக்கன் மோனாக்சைடின் குரலை ஏறத்தாழ 43,000 மெகாஹெர்ட்ஸிலும் கேட்கலாம்.

அவை எழும் இடங்களும் வெவ்வேறானவை. விண்மீனின் மேற்பரப்பை ஒட்டி, தூசு உறையும் இடத்திற்கு அருகே சிலிக்கன் மோனாக்சைடு ஒலிக்கின்றது. அதற்கு வெளியே நீராவி ஒலிக்கின்றது. இன்னும் வெகு தொலைவில், வெளியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்கள் நீராவியை உடைத்து ஹைட்ராக்சிலை உண்டாக்குகின்றன. ஆகவே, மூன்று அலைவரிசைகளையும் கேட்பவர், காற்று புறப்படும் இடம், வேகம் பெறும் இடம், விண்வெளியில் கலக்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிகின்றார்.

வேகத்தை அளத்தல்

நம்மை நோக்கி விரைந்து வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். வானொலி அலைக்கும் இவ்விதி பொருந்தும். ஹைட்ராக்சில் மண்டலத்தின் முன்புறம் நம்மை நோக்கி வருவதால் அதன் அலைவரிசை சற்று உயர்ந்தும், பின்புறம் நம்மை விட்டு விலகுவதால் அதன் அலைவரிசை சற்றுத் தாழ்ந்தும் காணப்படுகின்றன. ஒரே விண்மீன் இரு குரலில் பேசுகின்றது. இரு குரல்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் பாதி, காற்றின் வேகமாகும்.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. விண்மீன் ஒளி பெற்று மங்கும்போது அக்குரல்களும் ஏறி இறங்குகின்றன. பின்புறக் குரல் அதிகத் தொலைவைக் கடந்து வர வேண்டியிருப்பதால் சில நாள்களோ வாரங்களோ தாமதமாகவே ஏறி இறங்குகின்றது. அத்தாமதத்தைக் கொண்டு மண்டலத்தின் குறுக்களவைக் கிலோமீட்டர் கணக்கில் கூறிவிடலாம்.

அசைவைக் கண்ணால் காணுதல்

வேகத்தைக் கேட்டறிவதோடு விஞ்ஞானிகள் நிற்கவில்லை. அமெரிக்காவில் ஹவாய் தீவிலிருந்து கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவு வரை 25 மீட்டர் அகலமுள்ள 10 வானொலித் தொலைநோக்கிகள் நிறுவப்பட்டுள்ளன. ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் இடைவெளியில் பரவியுள்ள இவை ஒரே கருவியாக இயங்குகின்றன. சந்திரனில் நிற்கும் ஒரு மனிதனின் உயரத்தைப் பூமியிலிருந்து அளக்கக்கூடிய கூர்மை இத்தகைய அமைப்புக்கு உண்டு.

1997ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், பிலிப் டயமண்ட், அதோல் கெம்பால் ஆகியோர் டி.எக்ஸ். காமிலோபார்டாலிஸ் என்னும் மீரா வகை விண்மீனைச் சில வாரங்களுக்கு ஒரு முறை இக்கருவியால் படம் பிடித்து வந்தனர். படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டபோது அவை திரைப்படம் போல அசைந்தன. விண்மீனைச் சுற்றி வளையமாக நின்ற சிலிக்கன் மோனாக்சைடுப் பொட்டுகள் வெளிநோக்கி நகர்ந்தன. ஆயின், சில பொட்டுகள் மீண்டும் உள்நோக்கி விழுந்தன! எறியப்பட்ட வாயு முழுவதும் தப்பிச் செல்வதில்லை. ஒரு பகுதி திரும்பி வருகின்றது என்பதை மனிதன் கண்கூடாகக் கண்டான்.

தொலைவை அளத்தல்

ஒரு விரலை முகத்திற்கு எதிரே நீட்டி, முதலில் ஒரு கண்ணையும் பின்னர் மறு கண்ணையும் மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். அதுபோலவே பூமி சூரியனைச் சுற்றிவரும்போது, அருகிலுள்ள விண்மீன் தொலைவிலுள்ள பொருள்களுக்கு எதிரே சற்று அசைவது போலத் தோன்றும். மேசர் பொட்டுகளின் இவ்வசைவை அளந்து விண்மீனின் தொலைவைக் கணக்கிடலாம்.

ஜப்பானில் நான்கு இடங்களில் நிறுவப்பட்ட 'வேரா' என்னும் தொலைநோக்கி அமைப்பு இப்பணியைச் செய்து வந்துள்ளது. வி.ஒய். கேனிஸ் மேஜோரிஸ் என்னும் மிகப் பெரிய செவ்விண்மீன் சுமார் 4,900 ஒளியாண்டு தொலைவில் உள்ளதாக முன்னர்க் கருதப்பட்டது. 2008ஆம் ஆண்டில் வெளியான வேரா ஆய்வின்படி அத்தொலைவு சுமார் 3,700 ஒளியாண்டாகும். விளக்கு அருகில் இருக்கின்றது என்று தெரிந்தால் அதன் உண்மையான ஒளி நாம் நினைத்ததைவிடக் குறைவு என்று தெரியவரும். அவ்வாறே இவ்விண்மீனின் ஒளியாற்றலும் முன் மதிப்பிட்டதைவிட ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. தொலைவு பிழைத்தால் அனைத்துக் கணக்கும் பிழைக்கும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பூமியின் வருங்காலம்

சூரியனுக்கு இப்போது சுமார் 460 கோடி வயது. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் அதுவும் பருத்துச் சிவக்கும். அப்போது பூமி அதற்குள் விழுங்கப்படுமா? சூரியன் எவ்வளவு பொருளை எப்போது இழக்கும் என்பதைப் பொறுத்தே விடை அமையும். சூரியனின் எடை குறையக் குறைய அதன் பிடி தளரும். பூமியின் பாதையும் விலகி விரியும். போதிய எடையை முன்னதாகவே இழந்தால் பூமி தப்பக்கூடும். தாமதமாக இழந்தால் பூமி உள்ளே இழுக்கப்படும். விழுங்கப்படும் என்றே பல கணக்குகள் கூறுகின்றன. முதிய விண்மீன்களின் காற்றை அளக்க அளக்க அக்கணக்குகள் திருத்தம் பெறுகின்றன. இதனைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை. 500 கோடி ஆண்டு என்பது மனித குலம் இதுவரை வாழ்ந்த காலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்டது.

விண்மீன் இழக்கும் பொருள் வீணாவதும் இல்லை. பூமியில் விழுந்த சில விண்கற்களினுள், சூரியன் பிறக்கும் முன்பே முதிய விண்மீன்களின் காற்றில் உறைந்த சிலிக்கனும் ஆக்சிஜனும் கலந்த நுண்துகள்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. நாம் மிதித்து நடக்கும் மண்ணிலும் மிகுதியாக உள்ளவை இவ்விரு பொருள்களே. ஒரு தலைமுறை விண்மீன்கள் விட்டுச்சென்ற பொருளிலிருந்தே அடுத்த தலைமுறை விண்மீன்களும் அவற்றின் உலகங்களும் உருவாகின்றன.

டிசம்பர் மாத இரவில் ஒன்பது அல்லது பத்து மணியளவில், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திற்குத் தென்மேற்கே, உச்சி வானுக்கு அருகில் மீராவைத் தேடலாம். அது பேரொளி பெற்றுள்ள வாரங்களில் மட்டுமே வெறுங்கண்ணுக்குத் தெரியும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அவ்விடத்தைக் காட்டி, தெரிகின்றதா இல்லையா என்பதை மாதந்தோறும் குறித்து வரச் செய்யுங்கள். மீராவின் 332 நாள் கணக்கும் இவ்வாறு பொறுமையாகக் குறித்து வைத்தோரால்தான் கிடைத்தது.