ஜியாய்டு: பூமியைப் போன்ற வடிவம்

கோளம், கூம்பு, உருளை என்ற சொற்களைப் பல பொருள்களுக்குச் சொல்லலாம். ஜியாய்டு என்பது பூமிக்கென்றே பிறந்த சொல். கிரேக்க வேர்களின்படி அதற்குப் 'பூமியைப் போன்றது' என்று பொருள். பூமி எந்த வடிவம் என்று கேட்டால், பூமி மாதிரிதான் என்று பதில் சொல்வது நழுவல் போலத்தான் தெரியும். ஆனால் 1873-இல் இந்தப் பெயரை வைத்த ஜெர்மானிய அறிஞர் யோஹான் பெனடிக்ட் லிஸ்டிங்குக்கு வேறு வழியில்லை. அந்த வடிவம் வேறு எதோடும் பொருந்தவில்லை. அதன் கருத்தை அவருடைய ஆசிரியர் காஸ் முன்பே வகுத்திருந்தார்.

பூமி துருவங்களில் சற்றே தட்டையானது. மையத்திலிருந்து நிலநடுக்கோடு 6,378 கிலோமீட்டர், துருவம் 6,357 கிலோமீட்டர். இந்த வழவழப்பான உருண்டை கணக்குக்கு வசதியானது. உண்மையில் பூமிக்குள் பாறைகளின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பும் சீராக இல்லை. காற்று, அலை, ஓதம், நீரோட்டம் எதுவும் இல்லாமல், ஈர்ப்புக்கும் பூமியின் சுழற்சிக்கும் மட்டும் கட்டுப்பட்டுக் கடல் அடங்கிக் கிடந்தால் அதன் மேற்பரப்பு என்ன வடிவம் கொள்ளும்? அதுதான் ஜியாய்டு. நிலப்பகுதிகளுக்கு அடியிலும் அதே மட்டத்தை நீட்டிக் கணக்கிடுகிறார்கள். மலையும் பள்ளத்தாக்கும் அதில் சேராது. கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டின் நூல் இந்த ஈர்ப்பு மட்டத்துக்குத்தான் செங்குத்தாக நிற்கிறது. ரசமட்டத்தின் குமிழியும் அதற்கே கட்டுப்பட்டது.

அந்தக் குண்டே ஏமாற்றும் என்பது இந்தியாவில் தெரியவந்தது. கல்யாண்பூருக்கும் வடக்கே கல்யாணாவுக்கும் இடையிலான தூரத்தை நிலத்தில் அளந்தபோது ஒரு விடையும் தூக்குக்குண்டின் நூலைச் செங்குத்தாகக் கொண்டு விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டபோது வேறு விடையும் வந்தன. வேறுபாடு கோண அளவில் ஏறத்தாழ 5 வினாடி. இமயமலை குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று ஊகித்த கல்கத்தா பாதிரியார் ஜான் பிராட், மலையின் ஈர்ப்பைக் கணக்கிட்டார். இழுப்பு 15 வினாடிக்கு மேல் வந்திருக்க வேண்டும்! மலைக்கு அடியில் அடர்த்தி குறைந்த பொருள் இருப்பதே காரணம் என்ற விளக்கம் 1855-இல் அங்கிருந்து கிளைத்தது. அளவைப் பிழையாக ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்று, மலைகளின் வேரைக் காட்டிக்கொடுத்தது.

வழவழப்பான உருண்டையோடு ஒப்பிட்டால் ஜியாய்டு நியூகினி அருகே சுமார் 80 மீட்டர் மேலே எழும்புகிறது. ஆக ஆழமான பள்ளம் நமக்குப் பக்கத்தில்தான்: இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர் தாழ்வு. அந்த வழியாகப் போகும் கப்பல் இறங்கி ஏறுவதை யாரும் உணர மாட்டார்கள். சுற்றியுள்ள தண்ணீரும் பள்ளத்துக்குள் பாயாது. ஈர்ப்பின் கணக்கில் அது முழுக்கச் சமமட்டம். இந்தப் பள்ளத்தின் காரணம் குறித்து ஒரே கருத்து இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல், ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து வரும் சூடான, அடர்த்தி குறைந்த பொருளைக் காரணமாகக் காட்டினார்கள்.

செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு வரையப்படும் படங்களில் பூமி கோணல்மாணலான உருளைக்கிழங்காகத் தெரியும். அது பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டிய படம் என்பதைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையில் இந்த மேடுபள்ளம் எல்லாம் சேர்ந்து 0.02 மில்லிமீட்டரைத் தாண்டாது.

நடைமுறையில் இந்தச் சொல் அதிகம் புழங்குவது நில அளவையில். ஜிபிஎஸ் கருவி முதலில் தருவது வழவழப்பான உருண்டையிலிருந்து கணக்கிட்ட உயரம். திருத்தம் செய்யாத கருவியோடு சென்னைக் கடற்கரையில் நின்றால், கடலுக்கு அடியில் 80 மீட்டருக்கும் கீழே நிற்பதாக அது காட்டும். ஜியாய்டு அளவைக் கழித்த பிறகே 'கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதத்தக்க எண் கிடைக்கும். அப்படியும் கடல்மட்டமும் ஜியாய்டும் முற்றிலும் ஒன்றல்ல. நீரோட்டமும் வெப்பமும் உப்பும் கடலை அதிலிருந்து ஒரு மீட்டர் வரை விலக்கும். எந்தக் கடலை அடிப்படையாகக் கொள்வது என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன. லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றின் மேல் பாலம் கட்டியபோது ஜெர்மனி வடகடலிலிருந்தும் சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலிலிருந்தும் உயரத்தைக் கணக்கிட்டன. இடையிலுள்ள 27 சென்டிமீட்டர் வேறுபாடு பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனால் கழிக்க வேண்டியதைக் கூட்டியதில் இரு பாதிகளும் 54 சென்டிமீட்டர் விலகி நின்றன.